இலவச கவுன்சலிங்குக்காக மலையிறங்கிய ஒரு வருடம்

நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டல், இதோ இப்போதே உயிர் போய்விடும் என்கிற பயம். இந்த மூன்றையும் சுமந்துகொண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு முதல் தடவையாகக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு முன்னால் அந்த வழியில் போய் வந்த யாராவது ஒருத்தர் என்னை உட்கார வைத்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும், 50,000 ரூபாய்க்கு மேல் மிச்சமாகியிருக்கும். பணம் போனதைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். "பேசிப் பார்த்தும் சரியாகலை, அப்போ நமக்கு இனி சரியாகவே ஆகாது" என்று முடிவுகட்டிக்கொண்டு கிடந்தேன் பாருங்கள், அந்த மாதங்களை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது. எந்த மருத்துவமனை என்று சொல்லப் போவதில்லை. அங்கே நான் பார்த்தவர்களில் ஒருவர்கூட கெட்ட மனதுக்காரர் இல்லை. ஆளைக் குற்றம் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால், முறையில் இருக்கிற ஓட்டை அப்படியே இருந்துவிடும்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். பையன் ஒருத்தன், பள்ளிக்கூடம் போகிறான். அப்பாவுக்கு ஒரு ராத்திரி நெஞ்சுவலி வந்து, ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்கினோம். 20 கொண்டை ஊசி வளைவு. அடிவாரம் வருவதற்குள் அப்பா போய்விட்டார். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தது நான்தான். காரியம் முடிந்த கையோடு பழம் பறிக்கிற சீசன் வந்தது. கூலிக் கணக்கு, வாரப் பட்டுவாடா, மூட்டைக் கணக்கு என்று அதில் விழுந்துவிட்டேன். அழக்கூட நேரமில்லை. தை மாதத்தில் ஒரு நாள் பேங்க் வேலையாகச் சேலத்துக்கு பஸ்ஸில் இறங்கும்போது, பாதி மலையில், காரணமே இல்லாமல் இதயம் தறிகெட்டு அடிக்க ஆரம்பித்தது. விரலெல்லாம் மரத்துப்போனது, உதடு கூசியது, தொண்டை அடைத்தது. அப்பாவுக்கு வந்ததேதான் எனக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என் உள்ளங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே வந்தார். கோரிமேட்டில் இறக்கி ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்கள்.

ஆட்டோ போய் நின்றது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். ஈ.சி.ஜி. நார்மல். பத்து நாளில் மறுபடி வந்தது. எக்கோ எடுத்தார்கள், நார்மல். டிரெட்மில், தைராய்டு, ரத்தப் பரிசோதனை எல்லாமே நார்மல். கேஸ் டிரபிளாக இருக்கும் என்று ஒருவர் சொல்ல, எண்டோஸ்கோபியும் பார்த்தாயிற்று. மொத்தம் 30,000 ரூபாயை நெருங்கிவிட்டது. "ஒண்ணுமில்லம்மா, டென்ஷனைக் குறைச்சுக்குங்க" என்றுதான் ஒவ்வொருவரும் அனுப்பினார்கள். ஒண்ணுமில்லை என்றால் ஏன் இப்படி அடிக்கிறது என்கிற கேள்வியோடு வீட்டுக்கு வந்து படுப்பேன். வீட்டிலோ அத்தை, "காத்துக் கருப்பு பட்டிருக்கும் கண்ணு, ஒரு தடவை மந்திரிச்சுட்டு வந்துடலாம்" என்றார்கள். அதையும் செய்தோம். பாசத்தில் சொன்னது, அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. இதே நிலையில் இருப்பவர்களுக்கு என்னுடைய முதல் வார்த்தை இதுதான்: நெஞ்சு சம்பந்தமாக எது வந்தாலும் முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள், டாக்டர் சொன்னால் எக்கோவும் தைராய்டும் பாருங்கள், அதைத் தவிர்க்கவே கூடாது. எல்லாம் சரியாக இருந்து, அதே படபடப்பு திரும்பத் திரும்ப வந்து கால் மணி அரை மணியில் தானாக அடங்குகிறது என்றால், "இது பேனிக் அட்டாக்காக, அதாவது திடீர்ப் பயத் தாக்குதலாக இருக்குமா டாக்டர்?" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காத வரைக்கும் எனக்கு அடுத்த டெஸ்ட்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னது எங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியர். "மனசு டாக்டரைப் பாருங்க அக்கா, கவுன்சலிங்கும் தருவாங்க, எல்லாம் ஃப்ரீ" என்றார். நம்பிக்கையோடுதான் போனேன். விடிகாலையில் கிளம்பி, வரிசையில் நின்று ஓ.பி. சீட்டு வாங்கி, மனநலப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் இடம் பிடித்து, உள்ளே போகும்போது பதினோரு மணி தாண்டிவிட்டது. டாக்டர் மூன்று நிமிடம் பார்த்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்குப் பின்னால் எண்பது பேருக்குக் குறையாமல் நின்றிருந்தார்கள். சங்கிலி மாட்டிக் கூட்டிவரும் அளவுக்கு முற்றிய நிலையில் ஒரு பையன் இருந்தான், அவனுடைய அம்மா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அதைப் பார்த்தபின் என்னுடைய படபடப்பைப் பெரிதாகச் சொல்லவே கூச்சமாகிவிட்டது. பதட்டத்துக்கு எஸ்சிட்டலோபிராம் மாத்திரை ஒன்று, ராத்திரிக்கு குளோனாசிபாம் மாத்திரை பாதி, பதினைந்து நாளைக்கு. "அந்த ரூம்ல கவுன்சலிங் பார்த்துட்டுப் போங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அந்த அறைக்குக் கதவு இருந்தது, சாத்தவில்லை. ஒரே மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் குடிக்காகக் கூட்டிவரப்பட்ட ஒருவரும் அவருடைய மனைவியும். கவுன்சலர் என்னைப் பார்த்து, "என்னம்மா பிரச்சினை?" என்றார். சொல்ல ஆரம்பித்தேன். "வீட்ல சண்டையா? வீட்டுக்காரர் குடிப்பாரா?" இல்லை என்றேன். "அப்புறம் என்னம்மா, நல்லாத்தானே இருக்கீங்க. தேவையில்லாம யோசிக்காதீங்க. சாயங்காலம் வாக்கிங் போங்க, கோயிலுக்குப் போங்க, பாட்டுக் கேளுங்க. படபடப்பு வந்தா நல்லா இழுத்து மூச்சு விடுங்க. தைரியமா இருக்கணும், உங்களை நம்பி ஒரு பையன் இருக்கான்." ஐந்து நிமிடத்துக்குமேல் இருக்காது. அப்பாவைப் பற்றி அவர் கேட்கவில்லை. அடுத்தவர் காதில் விழும்படி நானாகச் சொல்லவும் முடியவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது, எனக்கு வந்திருப்பது நோயே இல்லை, நான்தான் தைரியமில்லாதவள் என்று தோன்றியது. ஒரு நோயாளியை இந்த எண்ணத்தோடு வீட்டுக்கு அனுப்புவது சின்ன விஷயம் இல்லை. உடம்பில் இருந்த தொல்லையோடு அன்றைக்கு வெட்கமும் சேர்ந்தது.

இலவசம் என்கிற சொல்லை மலையில் இருப்பவர்கள் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மாத்திரை இலவசம், சீட்டு இலவசம். ஆனால் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை இறங்கி ஏற ஒரு முழு நாள் போகும். எஸ்டேட்டில் எனக்கு அன்றைய சம்பளம் பிடிப்பார்கள். தனியாக பஸ்ஸில் போக முடியாததால் வீட்டுக்காரரும் லோடு விட்டுவிட்டு வருவார், அவருக்கும் அன்றைக்கு வருமானம் இல்லை. சாப்பாடு, டீ, பஸ் காசு எல்லாம் சேர்த்தால் ஒரு நடைக்கு 1,500 ரூபாய்க்குக் குறையாது. அதைவிடக் கொடுமை, எனக்குப் பயம் வருவதே அந்த மலைப்பாதையில்தான். பயத்துக்கு மருந்து வாங்க அந்தப் பயத்தின் வழியாகவே போய்வர வேண்டும். போய்ச் சேரும்போது வெலவெலத்துப் போயிருப்பேன், அங்கே கிடைப்பது ஐந்து நிமிடம்.

அடுத்த தடவை போனால் வேறு ஒருவர் இருப்பார். "சொல்லுங்கம்மா, என்ன பிரச்சினை?" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். போன தடவை பேசியது எதுவும் நோட்டில் இருக்காது. "கவுன்சலிங் தரப்பட்டது" என்று ஒரு வரி மட்டும் இருக்கும். ஒரே கதையைப் புதுப்புது ஆட்களிடம் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அது சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் "படபடப்பா இருக்குங்க, தூக்கம் இல்லைங்க" என்கிற இரண்டு வாக்கியத்தோடு முடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவேன். இதற்கு ஒரு வழி பின்னால்தான் தெரிந்தது. ஒரு முழுத்தாளில் எப்போது, எங்கே, எப்படி ஆரம்பித்தது, அதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது, என்னென்ன டெஸ்ட், என்ன மாத்திரை எவ்வளவு நாளாக, எதைச் செய்யமுடியாமல் இருக்கிறீர்கள் என்று எழுதி, ஜெராக்ஸ் எடுத்து நோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். யார் உட்கார்ந்திருந்தாலும் முதலில் அதைக் கொடுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கிற அறையில் வாயால் சொல்லமுடியாததைத் தாள் சொல்லிவிடும்.

மழைக்காலத்தில் மண் சரிந்து மலைப்பாதையை அடைத்துவிட்டார்கள். குப்பனூர் வழியாகச் சுற்றிப் போகலாம்தான், ஆனால் அந்த மழையில் யாரும் வண்டி எடுக்கத் தயாராக இல்லை. மாத்திரை தீர்ந்துவிட்டது. இந்த மாதிரி மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, டாக்டர் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று அதுவரை எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. பையனை அடித்துவிட்டேன். ஒரு ராத்திரி எல்லாரும் தூங்கியபின், நான் இல்லாவிட்டால் இவர்களுக்காவது நிம்மதி என்று நினைப்பு ஓட ஆரம்பித்தது. அந்த நினைப்பைப் பார்த்து எனக்கே பயம் வந்து 14416-க்கு போன் போட்டேன். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கிய இலவச எண் அது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். எதிர்முனையில் இருந்த பெண் என்னை அவசரப்படுத்தவில்லை. வீட்டுக்காரரை எழுப்பச் சொன்னார், எழுப்பும் வரைக்கும் லைனில் இருந்தார். அந்த ராத்திரிக்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ அப்படி ஒரு நினைப்பு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 14416 இல்லாவிட்டால் அரசு மருத்துவ உதவி எண் 104, அதுவும் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கதவு.

பாதை திறந்ததும் போனேன். அந்தத் தடவை மருந்து கொடுக்கிற இடத்தில் இருந்த அம்மா என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க ஏன் திங்கக்கிழமையே வர்றீங்க? வியாழக்கிழமை சைக்காலஜிஸ்ட் மேடம் வர்றாங்க, மத்தியானம் கூட்டம் குறைஞ்சதும் உட்கார்ந்து பேசுவாங்க" என்றார். அத்தனை மாதம் போய் வந்தும் அந்தக் கட்டடத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கவுன்சலர் வேறு, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வேறு என்பதும் தெரியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் அதற்கென்று தனிப் படிப்பு படித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் வாங்கியவர். நல்ல கவுன்சலர்களும் இருக்கிறார்கள், எல்லாரையும் ஒரே தராசில் போடவில்லை. ஆனால் உங்கள் எதிரில் இருப்பவர் யார், எந்தக் கிழமை யார் வருகிறார்கள் என்று முதல் நாளே விசாரியுங்கள். மலையிறங்குவதற்கு முன் போன் செய்து அன்றைக்கு அவர் இருக்கிறாரா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த மேடம் என்னைவிட வயதில் சின்னவர். கதவைச் சாத்தினார். என் தாளை முழுக்கப் படித்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, முதல் தடவை வந்தப்போ பஸ் எந்த இடத்துல போய்ட்டிருந்துச்சு?" சொன்னேன். "அதுக்கு முன்னாடி அந்த ரோட்ல மறக்கமுடியாதது ஏதாவது நடந்துச்சா?" அவ்வளவுதான், அப்பா செத்தபோது வராத அழுகை அன்றைக்கு வந்தது. அவர் தடுக்கவில்லை, தைரியமாக இருங்கள் என்று சொல்லவில்லை, தண்ணீர் மட்டும் நகர்த்தி வைத்தார். முக்கால் மணி நேரம் பேசினோம். கடைசி கால் மணியில் ஒரு வெள்ளைத்தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். உடம்பில் ஏதோ ஒரு சின்ன மாறுதல் வருகிறது. "அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சு" என்று மனசு அதற்கு அர்த்தம் சொல்கிறது. பயத்தில் மூச்சு வேகமாகிறது. வேகமாக இழுத்துவிட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், அதனால்தான் விரல் மரத்துப்போவதும் உதடு கூசுவதும் தலை கிறுகிறுப்பதும். அதைப் பார்த்து மனசு இன்னும் பயப்படுகிறது, மறுபடி மூச்சு வேகமாகிறது. படபடப்பு வரும்போது நன்றாக இழுத்து மூச்சு விடச் சொல்லியிருந்தார்களே, நான் பதறிப்போய் வேகவேகமாக இழுத்தது எனக்கு ஏன் இன்னும் மோசமாக்கியது என்று அப்போதுதான் விளங்கியது. இந்த வட்டத்தை 1986-இல் விளக்கி எழுதியவர் டேவிட் கிளார்க் என்கிற ஆங்கிலேய உளவியலாளர் என்று மேடம் சொன்னார். அந்தப் பெயர் பின்னால் மறுபடி வரும்.

அடுத்தடுத்த வாரங்களில் நடந்ததைச் சொன்னால் சிலருக்கு விசித்திரமாக இருக்கும். இதயம் நன்றாக இருக்கிறது என்று என் ரிப்போர்ட்டுகளைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, மேடம் என்னை அந்த அறையிலேயே ஒரு நிமிடம் வேகமாக மூச்சு வாங்கச் சொன்னார். விரல் மரத்தது. "இதுதானே உங்களுக்கு பஸ்ல வர்றது?" அதேதான். நானே வரவழைத்தேன், தானே அடங்கிற்று. அதன்பிறகு என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் படிப்படியாக ஒரு பட்டியல் எழுதினோம். ஏற்காடு ஸ்டாண்டில் நிற்கிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருப்பது முதல் படி. பிறகு வீட்டுக்காரருடன் டூவீலரில் 20-ஆவது வளைவு வரைக்கும் போய் நிற்பது, அப்புறம் 17, 15 என்று இறங்கி, 10-ஆவது வளைவில் ஓரமாக வண்டியை நிறுத்திப் படபடப்பு ஏறி இறங்கும் வரைக்கும் அங்கேயே இருப்பது. பாதியில் ஓடிவந்துவிடக் கூடாது, அதுதான் நிபந்தனை. ஏனென்றால் ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மனசு கற்றுக்கொள்ளும். பையில் வைத்திருந்த எலுமிச்சம்பழம், தண்ணீர் பாட்டில், முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். 10-ஆவது வளைவில் முதல் நாள் நின்றபோது நெஞ்சு வெடித்துவிடும் போலத்தான் இருந்தது. வீட்டுக்காரர் "திரும்பிடலாமா" என்று கேட்கவே இல்லை, அவருக்கும் அப்படிச் சொல்லக்கூடாது என்று மேடம் சொல்லி அனுப்பியிருந்தார். கொஞ்ச நேரத்தில் இறங்கிற்று. கீழே சேலத்து வீடுகள் தெரிந்தன. அங்கே நின்றே அப்பாவைப் பற்றிப் பேசினோம், அவர் எப்படிக் காபிச் செடி கவாத்து பண்ணுவார், யாரைத் திட்டுவார், எல்லாம். அதுவும் சிகிச்சைதான் என்று அடுத்த வியாழக்கிழமை மேடம் சொன்னார்.

பஸ்ஸில் தனியாக இறங்குவது என்கிற படி வருவதற்கு முன் மேடம் போய்விட்டார். ஒப்பந்தப் பணி, வேறு மாவட்டத்தில் நல்ல வேலை கிடைத்தது. அவருக்கு அது நியாயம். ஆனால் அவருடைய இடத்தில் யாரும் வரவில்லை. மறுபடி அந்தக் கதவு சாத்தாத அறை, மறுபடி "என்னம்மா பிரச்சினை?" அன்றைக்கு நான் அழவில்லை, கோபம்தான் வந்தது. எது வேலை செய்யும் என்று கண்ணால் பார்த்துவிட்டு அது இல்லாத இடத்துக்குத் திரும்புவது, எதுவுமே தெரியாமல் போவதைவிடக் கஷ்டம். செயினை அடகு வைத்துச் சேலத்தில் தனியாகப் பார்க்கிற ஒரு சைக்காலஜிஸ்டிடம் போனேன், ஒரு தடவைக்கு 1,000 ரூபாய். நோட்டின் கடைசிப் பக்கத்தை அவரிடம் காட்டினேன், விட்ட படியிலிருந்து தொடர்ந்தார். இரண்டு மாதத்துக்குள் தனியாக பஸ்ஸில் இறங்கிவிட்டேன். மாத்திரையை டாக்டர் சொன்னபடி மெதுவாகக் குறைத்து வருகிறேன்.

இப்போது பலரும் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். "அரசாங்கத்துல தர்ற கவுன்சலிங்கால ஏதாவது பிரயோஜனம் உண்டா?" என் பதில்: அரசுக் காசில் நடக்கிற பேச்சு சிகிச்சை நன்றாகவே வேலை செய்யும், முதலில் அதைக் கொடுக்க வேண்டும். பேனிக் தொல்லைக்கு இந்த மாதிரிப் பேச்சு சிகிச்சை மொத்தமாக 7 முதல் 14 மணி நேரம் தரவேண்டும் என்பது எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று வழிகாட்டுகிற, இங்கிலாந்தின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல். திங்கட்கிழமைகளில் எனக்குக் கிடைத்ததையெல்லாம் கூட்டினால் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. ஏழு நாள் சாப்பிட வேண்டிய ஆன்டிபயாடிக்கில் கால் மாத்திரை தின்றுவிட்டு மருந்து பலிக்கவில்லை என்று சொல்வது போலத்தான் நான் என்னைப் பற்றி முடிவு கட்டியிருந்தேன்.

ஆள் இல்லை, காசு இல்லை, நம் ஊரில் முடியாது என்று சொல்வார்கள். கோவாவில் முடிந்திருக்கிறது. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு எதுவும் படிக்காத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு 6 முதல் 8 அமர்வு வரை, ஒவ்வொன்றும் 30 முதல் 40 நிமிடம் பேச வைத்தார்கள். மனநல ஆய்வாளர் விக்ரம் படேல் குழு நடத்திய அந்த ஆய்வு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்று மாதத்தில் அந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் தேறினார்கள், கிடைக்காமல் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர். ஆகவே டிகிரி மட்டும் விஷயமில்லை. முறையான பயிற்சி, போதுமான நேரம், தொடர்ச்சி இவைதான் விஷயம். அந்த மேசைக்குப் பின்னால் இருந்த கவுன்சலருக்கும் இந்தப் பயிற்சியும் அரைமணி நேரமும் சாத்திய கதவும் கொடுத்திருந்தால் அவரும் என்னைத் தேற்றியிருப்பார் என்றே நம்புகிறேன்.

இங்கிலாந்தில் 2008-லிருந்து அரசே பேச்சு சிகிச்சையைப் பெரிய அளவில் இலவசமாக நடத்துகிறது. அதைக் கொண்டுவரப் பாடுபட்டவர்கள் ரிச்சர்ட் லேயார்ட் என்கிற பொருளாதார அறிஞரும், நான் மேலே சொன்ன அதே டேவிட் கிளார்க்கும். அங்கே ஒவ்வொரு அமர்வுக்கும் கேள்வித்தாள் நிரப்பச் சொல்லி மதிப்பெண் போடுகிறார்கள். சிகிச்சை முடித்தவர்களில் பாதிப் பேராவது தேறவேண்டும் என்று இலக்கு வைத்து நடத்தினார்கள். அதிலும் ஓட்டை உண்டு. இரண்டு அமர்வு வந்தாலே "சிகிச்சை முடித்தவர்" கணக்கில் சேர்ந்துவிடுவார், ஒரே தடவை வந்துவிட்டு நின்றுபோனவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். அதனால் அங்கேயும் இது உண்மையில் பலன் தருகிறதா என்று கேள்வி கேட்கிறார்கள். ஆனால் கேட்பதற்கு ஒரு கணக்காவது அவர்கள் கையில் இருக்கிறது. எனக்கு அந்த ஒரு வருடத்தில், வியாழக்கிழமை மேடத்தைத் தவிர, போன தடவையைவிட எப்படி இருக்கிறீர்கள் என்று அளந்து பார்த்தவர் யாருமில்லை. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி பதட்டம், மனச்சோர்வு மாதிரியான பொதுவான தொல்லை உள்ளவர்களில் 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வரவில்லை. தைரியம் பண்ணி வந்துவிட்ட மீதிப் பேரும் ஐந்து நிமிடத்தில் திரும்பிப் போனால் அவர்களும் நாளைக்கு அந்த 85-இல்தான் சேர்வார்கள்.

அளப்பதை நீங்களே செய்யலாம். மனச்சோர்வை அளக்க பி.எச்.க்யூ.-9 என்று ஒன்பது கேள்வித் தாள், பதட்டத்தை அளக்க ஜி.ஏ.டி.-7 என்று ஏழு கேள்வித் தாள், இரண்டும் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தேதி போட்டு நிரப்பி நோட்டில் ஒட்டிவையுங்கள். மதிப்பெண் இறங்குகிறதா இல்லையா என்று டாக்டரிடம் காட்டிப் பேசலாம். பி.எச்.க்யூ.-9 தாளின் ஒன்பதாவது கேள்வி உயிரை விடுகிற நினைப்பைப் பற்றியது. அதற்குப் பூஜ்ஜியம் தவிர வேறு எது விழுந்தாலும் அடுத்த ஓ.பி. வரைக்கும் காத்திருக்கக் கூடாது. முதல் நாள் பேசும்போதே, "இது எத்தனை தடவை நடக்கும், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், நீங்களேதான் பார்ப்பீர்களா, வீட்டில் நான் என்ன செய்து பார்க்கணும்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால், "இதையெல்லாம் பார்க்கிறவர் யாராவது இங்கே இருக்காங்களா, வேற எங்கேயாவது எழுதித் தர முடியுமா" என்று கேளுங்கள். கதவைச் சாத்தச் சொல்லிக் கேட்பதும் தப்பில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், அரசு நடத்துகிற மனநல சேவையைப் பெறுவது உரிமை என்று 18-ஆவது பிரிவு சொல்கிறது. நம் விஷயம் ரகசியமாக இருப்பது 23-ஆவது பிரிவு, நம் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டுப் பெறுவது 25, சேவையில் குறை இருந்தால் புகார் செய்வது 28. சட்டம் பேசிச் சண்டை போடச் சொல்லவில்லை. நான் 25-ஆவது பிரிவைச் சொல்லாமலே, சிகிச்சைக் குறிப்பு நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன், கொடுத்துவிட்டார்கள்.

போன மாதம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு மனு கொடுத்திருக்கிறேன். காலியாக இருக்கிற அந்த சைக்காலஜிஸ்ட் இடத்தை நிரப்ப வேண்டும், வாரத்தில் ஒரு நாளாவது ஏற்காட்டுக்கே அவர் வரவேண்டும், ஒரு நோயாளியைத் தொடர்ந்து ஒரே ஆள் பார்க்க வேண்டும், பேசுகிற அறை தனியாக இருக்க வேண்டும் என்று நான்கு கோரிக்கை. சுகாதாரத் துறைக்கு அனுப்பியிருப்பதாகப் பதில் வந்திருக்கிறது. ஒருத்தி கேட்பதைவிடப் பலபேர் கேட்டால் நல்லது என்று எங்கள் பக்கத்து ஊர்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். நோயாளியின் பெயரைப் போட வேண்டாம், வீட்டில் உள்ளவர்கள் போட்டால் போதும். அடுத்த மாதம் அதை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்குகிறேன்.